ஒரு கமா தள்ளி

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்த நாச்சிமுத்துவுக்கு அவன் வீட்டுக் கதவு திறக்கவில்லை.

காற்றூரில் இப்படி நடப்பதில்லை. பல்லடத்துக்குத் தெற்கே, கணவாய்க் காற்று தரும் மின்சாரத்தை நம்பிப் புதிதாக எழுப்பிய அந்த நகரத்தில் சாவி என்ற பொருளே கிடையாது. ஆள் வருவதை வீடே பார்க்கும், யாரென்று தெரிந்துகொள்ளும், திறக்கும். அடுப்பும் தண்ணீரும் பேருந்தும் ஆஸ்பத்திரியும் அப்படித்தான். எல்லாவற்றையும் ஊர்மூளை என்ற ஒரு பெரிய எந்திரம் பார்த்துக்கொண்டது.

"நாயகி" என்று கூப்பிட்டான்.

கதவு பதில் சொன்னது. "மாட்சிமை தங்கிய செல்வநாயகி அவர்கள் ஓய்வில் இருக்கிறார். அவருடைய துணைவர் எம்.ஏ. அவர்கள் இன்னும் வீடு திரும்பவில்லை."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் மனைவியைச் சந்தேகப்பட்டதில்லை. சந்தேகப்படும் அளவுக்குக் கவனித்ததும் இல்லை. யார் இந்த எம்.ஏ.? மாணிக்கம் அர்த்தநாரியா? அவள் வேலை செய்யும் நூலகத்துக்கு அர்த்தநாரி என்று ஒருவன் வருவான். புத்தகத்தை ஒருநாளும் நேரத்துக்குத் திருப்பித் தராதவன். அதற்காகவே அவள் அவனைப் பற்றி அடிக்கடி பேசியதுண்டு.

"யாரு அந்த எம்.ஏ.?"

"மாட்சிமை தங்கிய அவர்களின் துணைவர்."

"அப்ப நான் யாரு?"

கதவுக்கு மேலிருந்த கண் அவனை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு அதன் குரல் குழைந்தது.

"நாச்சிமுத்து. நல்ல பையன். பின்பக்கமா வா."

பின்பக்கம் ஒரு தாழ்ந்த திறப்பு இருந்தது. அவர்களுடைய நாய் ராஜா வந்து போவதற்காக வைத்தது. ராஜா நல்ல ஆகிருதி உள்ள நாய் என்பதால் திறப்பும் பெரிது. நாச்சிமுத்து கைகளை ஊன்றித் தவழ்ந்து உள்ளே போனான். இடுப்பு மாட்டியது. "மெதுவா, மெதுவா" என்று வீடு பரிவோடு சொன்னது. காலையில் அவன் சட்டையைத் தேடியபோது இதே குரல்தான் எரிந்து விழுந்தது.

கூடத்தில் செல்வநாயகி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். முகம் வாடியிருந்தாலும் உதட்டோரத்தில் சிரிப்பு நின்றது. காலடியில் ராஜா படுத்திருந்தது.

"வந்துட்டீங்களா? கதவு உங்களையுமா விடல?"

"அது கிடக்கட்டும். யாரு எம்.ஏ.?"

"நான்தானுங்க எம்.ஏ." என்றாள் அவள்.

அவனுக்குப் புரியவில்லை.

"போன மாசம் ரிசல்ட் வந்துச்சு. வரலாறு. உங்ககிட்ட மூணு தடவ சொன்னேன். மொத தடவ 'ம்'னீங்க. ரெண்டாவது தடவ 'சரி'ன்னீங்க. மூணாவது தடவ சாப்பாடு வந்துருச்சான்னு கேட்டீங்க."

நாச்சிமுத்து தரையிலிருந்து எழாமலே இருந்தான். எழுந்தால் அவளை நேராகப் பார்க்க வேண்டியிருக்கும்.

"பேரோட பட்டத்தச் சேத்து வாசல் பலகையில போட்டுக்கலாம்னு நகராட்சி அறிவிச்சாங்கல்ல? அதுக்கு எழுதிக் குடுத்தேன். இன்னிக்கு மத்தியானம் பலகை மாறுச்சு. 'செல்வநாயகி, எம்.ஏ.' பாக்கறதுக்கு அத்தன அழகா இருந்துச்சு. அடுத்த நிமிஷமே வீடு என்னை அரசேன்னு கூப்பிட ஆரம்பிச்சுருச்சு."

"கமா போட்டியா?"

"எங்க?"

"பேருக்கும் பட்டத்துக்கும் நடுவுல."

"கமா போடாம எவன் பட்டம் எழுதுவான்?"

நாச்சிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஊர்மூளைக்கு ஊரிலுள்ளவர்களைப் பற்றிச் சொல்லும் கோப்பைப் படிக்கிற கணினி நிரலை எழுதியவன், நகராட்சிப் பதிவுப் பிரிவில் வேலை பார்த்த அவன்தான். நாளுக்கு ஒருமுறை, பிற்பகலில், அந்த நிரல் கோப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்து ஊர்மூளைக்கு ஊட்டும். வேலை சின்னதுதான். அதனால்தான் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

"ஒரு வீட்டுக்கு ஒரு வரி" என்று அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தான். "வரியில ஏழு கட்டம். வீட்டு நம்பர், வீட்டுத் தலைவர் பேரு, துணை, செல்லப்பிராணி, தொழில், நோய், புடிச்ச சாப்பாடு. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவுல வேலி மாதிரி ஒரு கமா. நீ பேருக்குள்ள ஒரு கமா போட்டுட்ட. நிரலுக்கு அதுவும் வேலிதான். எம்.ஏ. அடுத்த கட்டத்துக்குப் போயிருச்சு."

"துணையா."

"ஆமா. அங்க இருந்த நான் ஒரு கமா தள்ளி…"

"செல்லப்பிராணி" என்று முடித்தாள் செல்வநாயகி. அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு அவளை மீறி வந்துவிட்டது. "அங்க இருந்த ராஜா தொழிலுக்குப் போயிட்டான். அதான் நான் ராஜாவா?"

"நூலகர்ங்கறது நோய்க் கட்டத்துல விழுந்திருக்கும்."

"அதையேன் கேக்கறீங்க. ஆஸ்பத்திரியில இருந்து சேதி வந்துச்சு. 'தங்களைப் பீடித்துள்ள நூலகர் என்னும் நோய் தொற்றுமா என்று தெரியவில்லை. மறு அறிவிப்பு வரை வீட்டை விட்டு வெளியேற வேண்டாம்.' கதவத் தாழ் போட்டுருச்சு." அவள் சிரிப்பு குறைந்தது. "சாப்பாட்டுக் கட்டத்துல என்ன விழுந்திருக்கும்?"

"உனக்கு நோய் என்ன போட்டிருந்துச்சு?"

"இல்லைன்னுதான் போட்டிருந்துச்சு."

"அப்ப சாப்பாடு இல்லை."

அவள் மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சமையலறை அலமாரிகள் பூட்டியிருந்தன. எத்தனை தடவை கேட்டாலும், "அரசே, தங்களுக்கு உணவு இல்லை என்பது பதிவில் உள்ளது" என்று வீடு பணிவாகச் சொல்லியிருக்கிறது.

ஏழு மணிக்கு நாச்சிமுத்துவுக்கு மட்டும் சாப்பாடு வந்தது. தரையோடு தரையாக ஒரு அகலக் கிண்ணத்தில் கோழிக்கறியும் சோறும். ராஜாவுக்கு வழக்கமாக வருவதுதான். இத்தனை நாள் தனக்கு வந்த சப்பாத்தியைவிட அது மேலானது என்று வாசத்திலேயே தெரிந்தது. கிண்ணத்தை எடுத்து நடுவில் வைத்தான். புருஷனும் பெண்டாட்டியும் தரையில் உட்கார்ந்து ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டார்கள். ராஜாவுக்கும் பங்கு போனது. பதிவில் பிராணியாக இல்லாத நாயை வீடு கண்டுகொள்ளவில்லை.

"எதப் பத்திப் படிச்ச?" என்று கேட்டான்.

"நொய்யல் அணைக்கட்டுக. எந்தத் தண்ணி எந்த வாய்க்கால்ல போகணும்னு அந்தக் காலத்துல எப்புடிப் பிரிச்சாங்கங்கறது." சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள். "மடை மாறுனா ஒரு ஊரே காஞ்சு போகும்."

"சொல்லு" என்றான் அவன். அவள் சொன்னாள். வெகுநேரம் சொன்னாள். அவனிடம் போன் இல்லை. செல்லப்பிராணிக்குப் போன் எதற்கு என்று வீடு அதை வாங்கி வைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை வீடு நாச்சிமுத்துவை உலாவ அனுப்பியது. அரசருக்கு நோய் என்பதால் நகராட்சியின் நடைவண்டி ஒன்று வந்து நின்றது. இடுப்புயரம், நான்கு சக்கரம், ஒரு வார். வாரைக் கழுத்தில் மாட்ட வந்தபோது நாச்சிமுத்து கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டான். வண்டி சற்று யோசித்துவிட்டுச் சம்மதித்தது. ராஜா யாருடைய வாரிலும் இல்லாமல் முன்னால் ஓடியது.

எதிர்வீட்டுக்காரர் பார்த்தார். அவர் முகத்தில் கேள்வி வந்தது, வந்த வழியே போனது. காற்றூரில் எந்திரம் செய்வதை யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டால் அடுத்தது தன் வீட்டுக் கதவாக இருக்கலாம்.

"என்னுங்க, வாக்கிங்குங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாங்க" என்றான் நாச்சிமுத்து.

பூங்கா முனையில் மெர்சி காத்திருந்தாள். அவனோடு அதே பிரிவில் வேலை செய்பவள். செல்வநாயகி போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அரசரின் போன் வேலை செய்தது. மெர்சி வண்டியின் திரையில் கைரேகை வைத்து, தற்காலிகப் பாதுகாவலர் என்ற முறையில் நாச்சிமுத்துவைப் பெற்றுக்கொண்டாள். ராஜா தானாகவே பின்னால் வந்தது.

"சிரிக்காத மெர்சி."

"நான் எங்கங்ணா சிரிச்சேன்" என்றாள் அவள், வேறு பக்கம் திரும்பி.

அலுவலகக் கதவு அவனைப் பார்த்ததும் நின்றது. "பிராணி. கடிக்குமா?"

"இதுவரைக்கும் இல்ல" என்றாள் மெர்சி. கதவு திறந்தது.

அவர்களுடைய மேலதிகாரியான துணைக் கட்டுப்பாட்டாளர் ராமபத்ரன் அறையில் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் எப்போதும் நின்றபடியே பேசுகிறவர். அன்று என்னவோ நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்து கேட்டார்.

"பட்டம் போட ஆரம்பிச்சு ஒரு வாரம் ஆச்சு. தெருத் தெருவா மாத்திட்டு வர்றோம். இதுவரை ஒரு புகார்கூட வரலியே."

"பிராணி புகார் குடுக்க முடியாதுங்க சார்" என்றான் நாச்சிமுத்து. "நிரல்ல தப்பு இருக்கு. அது எதையுமே தப்புன்னு சொல்லாது. ஏழு கட்டம் இருக்க வேண்டிய எடத்துல எட்டு வந்தா, மொத ஏழ எடுத்துட்டு மிச்சத்த வீசிட்டுப் போயிரும். எக்காரணம் கொண்டும் நிக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்க. நானும் அப்படியே எழுதிட்டேன்."

"நின்னா ஊரே நின்னுடும். வெளியூர்லேருந்து இந்த ஊரைப் பார்க்க வர்றா. ரொம்பச் சுலபம், நாச்சிமுத்து. புரியாத வரியைத் தாண்டிப் போன்னு ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துடுங்கோ."

"தாண்டுனா அந்த வீட்ல ஆளே இல்லன்னு ஆயிரும். தண்ணி வராது, கதவு தொறக்காது. இப்பவாச்சும் நாயா இருக்கேன் சார். அப்புறம் அதுவும் இல்ல."

"அப்போ பட்டத்தை எல்லாம் எடுத்துடுங்கோ. வெறும் பேரு போதும்."

அது நடக்கக்கூடிய காரியம்தான். மெர்சி உட்கார்ந்தால் பத்து நிமிட வேலை. நேற்றைய நாச்சிமுத்துவாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பான். "என் மனைவிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறேன்" என்றான். மெர்சி போனைப் போட்டுக் கொடுத்தாள்.

செல்வநாயகி முழுவதையும் கேட்டாள். "நாலு வருஷம் பஸ்ஸுல போகும்போதும் வரும்போதும் படிச்சேனுங்க" என்றாள். "அத எடுத்துட்டுத்தான் நீங்க மனுசனாகணும்னா, நீங்க நாயாவே இருந்துக்கங்க. நான் கோழிக்கறி வாங்கித் தாறேன்."

போன் வெளியே கேட்கும்படி வைத்திருந்ததால் ராமபத்ரனும் கேட்டார்.

"அப்படின்னா வழி ஒண்ணுதான்" என்றான் நாச்சிமுத்து. "பேருக்கு முன்னாலயும் பின்னாலயும் மேற்கோள் குறி போடணும். குறிக்குள்ள இருக்கற கமா வேலி இல்ல, அது அவங்க சொத்து, தொடாதேன்னு நிரலுக்குச் சொல்லணும். கூடவே இன்னொண்ணு. ஏழு கட்டம் வரலேன்னா ஊகம் பண்ணக் கூடாது. எனக்குப் புரியலேன்னு நின்னு கேக்கணும்."

"நிக்கறதா? அது மட்டும் முடியாது" என்றார் ராமபத்ரன். "இதுல என்ன அவசரம்? அடுத்த வாரம் ஒரு கமிட்டி போட்டு…"

மெர்சி அதற்குள் பக்கத்து மேசையில் கோப்பைத் திறந்து, கட்டம் கூடிப்போன வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் அவள் விரல் நின்றது.

"சார், உங்க வீட்டம்மா பேரு பத்மாசனிங்களா? எம்.பி.ஏ.?"

ராமபத்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கணினியைத் தொடும் பழக்கமே கிடையாது என்பதால், அவரும் பிராணியாகிவிட்டது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. காலையில் யாராவது வரும்வரை வாசலில் நின்று, அவர்கள் பின்னாலேயே நுழைந்து வந்திருக்கிறார்.

"திங்கக்கிழமைலேருந்து" என்றார் தாழ்ந்த குரலில். "கஷ்டம் ஒண்ணும் இல்லை. சாயங்காலம் வீடு பால்கனியில உக்கார விடறது. நேத்து பத்மாசனி டிவி பார்த்துண்டே தலையைத் தடவிக் குடுத்தா. அவளுக்கே தெரியாம செஞ்சிருப்பா. கல்யாணமாகி அப்படிச் செஞ்சதே இல்லை."

மெர்சி இந்தத் தடவை சிரிக்கவில்லை. தானும் நேற்று ராத்திரி அந்தக் கிண்ணத்தை நடுவில் வைத்துக்கொண்டு என்ன நினைத்தான் என்பது நாச்சிமுத்துவுக்குத் தெரியும்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பேசியவள் ஒரு நர்ஸ். குரலில் பதற்றம் இருந்தது.

"ஏனுங்க, இது பதிவுப் பிரிவுங்களா? ஒரு சந்தேகமுங்க. தமயந்தின்னு ஒரு அம்மாவ ஆம்புலன்ஸ் போயிக் கூட்டிட்டு வந்துருக்குது. காலேஜ்ல புரொபசர். எம்.ஏ., எம்.எட்., பிஎச்.டி. அவங்களுக்குக் கனகசபாபதின்னு ஒரு நோய்னு பதிவுல இருக்குதுங்க. நாள்பட்டது, அறுத்து எடுக்கணும்னு எந்திரம் சொல்லுது. மத்தியானம் ஆப்பரேசன். ஆனா ஸ்கேன்ல ஒண்ணும் தெரியல. கனகசபாபதி உடம்புல எந்தப் பக்கமுங்க இருக்கும்?"

நாச்சிமுத்து மெர்சியைப் பார்த்தான். மூன்று பட்டம். மூன்று கமா. துணைக் கட்டத்திலிருந்து மூன்று தள்ளினால் நோய்.

"அவங்க கூட யாராவது வந்துருக்காங்களா?" என்று கேட்டான்.

"ஒருத்தர் வராண்டாவுல உக்காந்துட்டு, நான்தான் கனகசபாபதி, நான்தான் கனகசபாபதின்னு அழுதுட்டு இருக்காருங்க. எந்திரத்துகிட்டச் சொன்னா, நோய் முத்திப் போயி வெளிய வந்துருச்சு, சீக்கிரம் ஆகட்டுங்குது. அந்தம்மாவுக்கு மயக்க ஊசிக்கு எடுத்து வெச்சாச்சு. என்னால நிறுத்த முடியலீங்க. பதிவு மாறுனாத்தான் அது நிக்கும்."

ராமபத்ரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"போடுங்கோ" என்றார்.

"நின்னு கேக்கறதையும் சேத்துங்களா?"

"எல்லாத்தையும் போடுங்கோ. ஊர் நின்னா நிக்கட்டும். வெளியூர்க்காராளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

நாச்சிமுத்து சொல்லச் சொல்ல மெர்சி அடித்தாள். பிராணியின் விரலை விசைப்பலகை ஏற்காது. பட்டம் கேட்டு ஜனங்கள் எழுதிக்கொடுத்த விண்ணப்பங்களிலிருந்து பெயர்களை முழுசாக எடுத்து, இருபுறமும் குறி போட்டு, வரிகளைப் புதிதாக எழுதினார்கள். பிறகு நிரலை, வழக்கமான நேரத்துக்குக் காத்திராமல், அப்போதே ஓட விட்டார்கள். அது ஓடியது. ஓரிடத்தில் நின்றது. பிறந்த நாளிலிருந்து ஒருதடவைகூட நின்றறியாத நிரல், ஒரு வரியைக் காட்டி, எனக்கு இது புரியவில்லை என்றது.

நாச்சிமுத்து எட்டிப் பார்த்தான். யாரோ தன் பிடித்த சாப்பாட்டை 'இட்லி, தோசை, எல்லாம்' என்று எழுதியிருந்தார்கள். அதற்கும் குறி போட்டார்கள். நிரல் மேலே போனது.

நர்ஸ் திரும்பக் கூப்பிட்டாள். எந்திரம் கையை எடுத்துவிட்டதாம். கனகசபாபதி இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாராம். அந்த அம்மா அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறாராம், வாசலைப் பூட்டாமல் வந்ததற்காக.

"வாசலத்தான் வீடே பூட்டிக்குமே" என்றாள் மெர்சி.

"அவங்களுக்கு யாரையாச்சும் திட்டணும். விடு" என்றான் நாச்சிமுத்து. நாற்காலியில் உட்கார்ந்து விசைப்பலகையைத் தொட்டான். அது அவனை ஏற்றுக்கொண்டது.

சாயங்காலம் முன்கதவு திறந்தது. "வருக நாச்சிமுத்து அவர்களே. மின்விசிறி துடைக்கப்படவில்லை. தங்கள் சட்டை நாற்காலியில் கிடக்கிறது" என்று வீடு பழைய குரலில் சொன்னது. செல்வநாயகி நூலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தாள். வாசல் பலகையில் எம்.ஏ. கமாவோடு இருந்தது.

"அரசேன்னு ஒருத்தரும் கூப்பிட மாட்டேங்கறாங்க" என்று குறைபட்டுக்கொண்டாள்.

"வாய்க்கால் கதைய மிச்சம் வெச்சியே, சொல்லு" என்றான் அவன். போனை அவனே அலமாரியில் வைத்தான்.

அதோடு முடிந்துவிட்டது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். திருத்தத்துக்குப் பிறகு ஒரே ஒரு புகார்தான் வந்தது. அதுவும் எந்திரம் வழியாக வராமல், திங்கட்கிழமை மத்தியானம் நேரிலேயே வந்தது.

வந்தவர் கமலவேணி, பி.லிட். அறுபது தாண்டிய, கஞ்சி போட்ட பருத்திப் புடவை கட்டிய அம்மாள். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். செல்வநாயகியும் அன்று அங்கே இருந்தாள். மத்தியானச் சாப்பாட்டை அலுவலகத்துக்கே எடுத்து வந்து அவனோடு சாப்பிடுவது என்று புதிதாக ஒரு வழக்கம் தொடங்கியிருந்தது.

"என் வரிய எதுக்குங்க திருத்துனீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

நாச்சிமுத்து வரியை எடுத்துப் பார்த்தான். துணை: இல்லை. நோய்: சர்க்கரை. அவனுக்குப் பகீரென்றது. ஒரு கமா தள்ளியிருந்த அந்த ஒரு வாரம் பிடித்த சாப்பாடு சர்க்கரையாக இருந்திருக்கிறது.

"ஏனுங்கம்மா, வீடு என்ன சமைச்சுப் போட்டுச்சு?"

"கேசரி. பாயாசம். ஒருநாள் மைசூர்பாகு." அவர் முகம் மலர்ந்தது. "காலு மரத்துப் போச்சு, கண்ணு மங்குச்சு. அதெல்லாம் வேண்டாமுங்க, நீங்க எடுத்தது சரிதான். நான் அதுக்கு வரல."

"வேற என்னங்க?"

அவர் புடவைத் தலைப்பைச் சரி செய்தார். சொல்லலாமா என்று யோசித்தார்.

"ராத்திரிக்கு ரெண்டு தட்டு வெச்சுட்டு இருந்துச்சுங்க. 'துணைவர் பி.லிட். அவர்கள் வரும் நேரம்'னு சொல்லும். வெள்ளிக்கிழமைல இருந்து ஒரு தட்டுதான் வெக்கிது."

"அம்மா, பி.லிட்.டுங்கறது ஆள் இல்லீங்க. உங்க பட்டம். அது தப்பா…"

"தமிழ் வாத்தியாருங்க நான். எது பட்டம், எது ஆளுன்னு எனக்குத் தெரியாதுங்களா?" கோபமில்லாமல்தான் சொன்னார். "எங்க வீட்டுக்காரரு செத்து ஆறு வருஷமாச்சு. உயிரோட இருந்தப்பவும் ஒருநாளும் சாப்பாட்டுக்கு நேரத்துல வந்ததில்லீங்க. தட்டு வெச்சிருக்கும், நான் வைதுட்டே சாப்பிட்டு முடிச்சிருவேன். இந்த பி.லிட்.டும் வரல. ஆனா தட்டு இருந்துச்சு. வையறதுக்கு ஒரு ஆளு இருந்துச்சு."

நாச்சிமுத்து கையைப் பிசைந்தான். பதிவில் இல்லாததை எழுத அவனுக்கு உரிமையில்லை. பொய்யான வரி ஒரு ஊரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைப் போன வாரம்தான் பார்த்திருந்தான். அதைத்தான் அவன் சொல்ல வாயெடுத்தான்.

செல்வநாயகி டிபன் டப்பாவை மூடி வைத்தாள். "ஏனுங்க, அந்தக் கட்டத்துக்கு என்ன பேரு?"

"துணை."

"மனுசனா இருக்கணும்னு எங்கயாச்சும் இருக்குதா? உசுரோட இருக்கணும்னு?"

அவன் விதிகளைத் திறந்து பார்த்தான். மேலிருந்து கீழ்வரை பார்த்தான். துணை என்பது குடியிருப்பவர் எழுதிக்கொடுக்கும் பெயர் என்று மட்டும் இருந்தது.

"எழுதிக் குடுங்கம்மா" என்றான்.

கமலவேணி தெளிவான கையெழுத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். நாச்சிமுத்து அதை அவனே அடித்தான். பெயர்: "கமலவேணி, பி.லிட்." துணை: "பி.லிட்." நோய்க் கட்டத்தில் சர்க்கரையை அப்படியே விட்டான். பிடித்த சாப்பாட்டில் அவர் கேசரி என்று எழுதியிருந்தார். அவன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அவர் காகிதத்தை வாங்கி, அதை அடித்துவிட்டு, ராகிக்களி என்று எழுதித் தந்தார்.

பிற்பகல் நிரல் ஓடியது. அந்த வரி வரும்போது மெர்சி நகம் கடித்தாள். புரியாவிட்டால் நின்று கேட்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். நிரல் நிற்காமல் போனது.

பின்னால் வந்து நின்றிருந்த ராமபத்ரன் திரையைக் குனிந்து பார்த்தார். துணைக் கட்டத்தில் இருந்ததை இரண்டு தடவை படித்தார்.

"இது சரியான வரிதானா, நாச்சிமுத்து?"

"ஏழு கட்டமும் சரியா இருக்குங்க சார்."

அவர் தலையசைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை நாச்சிமுத்து இருக்கைக்கு வந்தபோது திரையில் ஒரு புகார் வந்து காத்திருந்தது. அனுப்பியவர்: கமலவேணி, பி.லிட். பொருள்: துணைவர்.

"நேற்றும் அவர் சாப்பாட்டு நேரத்துக்கு வரவில்லை. களி ஆறிப் போயிற்று. கண்டிக்கவும்."

நாச்சிமுத்து, கண்டிக்கப்பட்டது என்று பதில் அனுப்பினான்.